கல்லூரி மாணவர்களுக்கு அனாடமி, பிசியாலஜி ட்யூஷன் எடுக்கப் போகிறீர்களா? தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இந்த இரண்டு பாடங்களையும் நன்றாகப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட, ட்யூஷன் எடுக்க உட்கார்ந்த முதல் மாதத்தில் தடுமாறிப்போகிறார்கள். வகுப்பில் ஆசிரியர் ஒரு மணி நேரம் நடத்தியதை இவர்கள் இன்னொரு மணி நேரம் திரும்ப நடத்துகிறார்கள். மாணவர் தலையாட்டுகிறார். அடுத்த தேர்விலும் அதே மதிப்பெண் வருகிறது. கோளாறு எங்கே என்று இருவருக்குமே பிடிபடுவதில்லை.

அனாடமி இடத்தைப் பற்றிய பாடம்: எது எங்கே இருக்கிறது, அதன் பக்கத்தில் என்ன போகிறது. பிசியாலஜி காரணத்தைப் பற்றிய பாடம்: இது மாறினால் அடுத்து எது மாறும். திணறுகிற மாணவர்களில் பெரும்பாலோர் பிசியாலஜியையும் எலும்புப் பெயர்களைப் போல மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். இந்தக் காரணச் சங்கிலி எந்தக் கண்ணியில் அறுகிறது என்று கண்டுபிடித்து, அதை மாணவரே தன் வாயாலும் கையாலும் சரிசெய்ய வைப்பதுதான் ட்யூட்டரின் வேலை. கீழே உள்ள படிகள் அத்தனையும் அதற்காகத்தான்.

1. முதலில் உங்களையே சோதித்துப் பாருங்கள்

வெற்றுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் பக்கத்தில் இருக்கக் கூடாது. இந்த ஐந்தையும் வரைந்து, பெயர் குறித்து, சத்தமாக விளக்குங்கள்: இதயத்தின் நான்கு அறைகளும் வால்வுகளும், ஒரு நெஃப்ரான் (சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகு), நரம்பு செல்லில் ஆக்ஷன் பொட்டன்ஷியல் (மின் சிக்னல்), பிரேக்கியல் ப்ளெக்ஸஸ் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்), ஆக்சிஜன்–ஹீமோகுளோபின் வளைகோடு. ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம். எங்கே "அது வந்து..." என்று இழுக்கிறீர்களோ அந்தப் பகுதியை இப்போதைக்கு எடுக்காதீர்கள். மூன்று பகுதி உறுதியாக இருந்தால் அந்த மூன்றை மட்டும் வைத்துத் தொடங்கலாம். "எல்லாம் எடுப்பேன்" என்று சொல்லிவிட்டு முந்தின இரவு படித்துக்கொண்டு போகிறவரை மாணவர் இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

யாருக்கு எடுக்கிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நர்சிங், பிசியோதெரபி, பார்மசி, மருத்துவம், விளையாட்டு அறிவியல் எல்லாவற்றிலும் பாடத்தின் பெயர் ஒன்றுதான், ஆழம் வேறு. பிசியோதெரபி மாணவருக்குத் தசையின் தொடக்கம், முடிவு, நரம்பு, செயல் நான்கும் வேண்டும். பார்மசி மாணவருக்கு அதில் பாதி போதும். ஆனால் ரிசெப்டார் (மருந்தோ ஹார்மோனோ செல்லில் பற்றும் இடம்), அயனி சானல் (அயனிகள் செல்லுக்குள் போய்வரும் வழி) பகுதியில் அவர் கேட்கும் கேள்விகள் உங்களை உலுக்கிவிடும்.

2. முதல் அமர்வுக்கு முன் மாணவரிடம் வாங்க வேண்டியவை

வாயால் சொன்னது போதாது. தாளாகவோ கோப்பாகவோ கையில் வர வேண்டும்.

பாடத்திட்டமும் தேர்வுத் தேதிகளும், மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்ற விவரத்துடன். எழுத்துத் தேர்வுக்கு எவ்வளவு, செய்முறைக்கு எவ்வளவு, வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) எவ்வளவு என்று தெரியாமல் நேரத்தைப் பிரிக்க முடியாது.

செய்முறை வகுப்பில் கொடுக்கும் உறுப்புப் பட்டியல். புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். மணிக்கட்டில் எட்டு எலும்பு இருக்கிறது. பட்டியலில் எட்டும் இருக்கிறதா, "கார்பல் எலும்புகள்" என்ற ஒற்றை வரிதான் இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒரு முழு அமர்வு மிச்சமாகும்.

திருத்திய பழைய விடைத்தாள் ஒன்றாவது வேண்டும். மதிப்பெண்ணைவிட அதில் உள்ள தவறுகள்தான் முக்கியம். மாணவர் தரத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். தவறுகளை மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

அவர் பயன்படுத்தும் பாடப்புத்தகம், எந்தப் பதிப்பு என்பதோடு. பெயர்களும் எண்களும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். ஒன்றில் பெரோனியல் நரம்பு என்று இருப்பது இன்னொன்றில் ஃபிபுலர் நரம்பு. ஓய்வு நிலை மின்னழுத்தம் நரம்பு செல்லுக்கு −70 மில்லிவோல்ட் என்று பல புத்தகங்கள் போடும். சில −65 என்று போடும். மாணவரின் தேர்வு எந்த எண்ணை ஏற்குமோ அதையே நீங்களும் சொல்லுங்கள். உங்கள் எண் சரியாகவே இருந்தாலும் தேர்வு அறையில் அது அவரைக் குழப்பும்.

இவற்றோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். வாரத்தில் எத்தனை அமர்வு, ஒன்று எத்தனை நிமிடம், கட்டணம் எப்போது, ரத்து செய்தால் என்ன, எதைச் செய்து தரமாட்டீர்கள். அவ்வளவு போதும்.

3. கட்டணத்தையும் செலவையும் கணக்கிடுவது

அமர்வு நேரத்தை மட்டும் கணக்கில் எடுப்பதுதான் வழக்கமான பொறி. ஒரு தலைப்பை முதல் தடவை எடுக்கும்போது 1 மணி நேர அமர்வுக்கு ஒன்றரை முதல் 2 மணி நேரத் தயாரிப்பு ஆகும். வாரத்துக்கு 4 அமர்வு என்றால் 4 மணி நேர வேலை என்று நினைப்பீர்கள். தயாரிப்பையும் சேர்த்தால் குறைந்தது 10 மணி நேரம். வரும் தொகையை 10-ஆல் வகுத்துப் பார்த்து, அது உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். அதே தலைப்பை மூன்றாவது முறை எடுக்கும்போது தயாரிப்பு அரை மணிக்குள் முடியும். அதனால் ஒரே பாடப்பிரிவு மாணவர்கள் இரண்டு மூன்று பேரைப் பிடிப்பது, வெவ்வேறு பிரிவிலிருந்து ஆறு பேரைப் பிடிப்பதைவிட நல்லது.

முதல் அமர்வை இலவசமாகத் தரலாமா என்று பலர் கேட்பார்கள். அரை மணி நேரச் சந்திப்பை இலவசமாகத் தாருங்கள். கண்டறியும் அமர்வுக்குக் கட்டணம் வாங்குங்கள். அதுதான் மொத்தத்திலேயே கடினமான அமர்வு. ரத்து செய்வதென்றால் 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும், இல்லையென்றால் பாதிக் கட்டணம் என்று தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தேர்வு வாரத்தில் இது இல்லாமல் சமாளிக்க முடியாது.

சேர்த்துப் படிக்க வருகிறார்கள் என்றால் மூன்று பேர் வரை சரி. ஐந்தாவது ஆள் உட்கார்ந்தவுடன் அது மறுபடி வகுப்பறையாகிவிடும். பேசாத ஒருவர் பின்னால் ஒளிந்துகொள்வார்.

பொருள்கள் அதிகம் வேண்டாம். ஏ3 அளவு வெள்ளைப் பலகை, நான்கு நிற மார்க்கர், எழுதியதை அழிக்கும் துணி. தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம் (நுரையீரல் குழாய்களுக்கு மட்டும் நேர்மாறு), நரம்புக்கு மஞ்சளோ பச்சையோ, எலும்புக்குக் கறுப்பு; ஒருமுறை வைத்த நிறத்தை மாற்றாதீர்கள். ஆன்லைன் என்றால் கேமராவை மேலிருந்து தாளைப் பார்க்கும்படி நிறுத்த ஒரு ஸ்டாண்ட், மாணவர் பக்கத்திலும் அதேபோல ஒன்று. அவர் வரைவது உங்களுக்குத் தெரியவில்லை என்றால் ஆன்லைன் அமர்வு வீண். முழு எலும்புக்கூடு மாடல் வாங்க அவசரப்பட வேண்டாம். பழையதாகக் கிடைத்தால் மண்டையோடு, ஒரு கை, ஒரு பாதி இடுப்பு போதும். மற்றவற்றை மாணவரின் சொந்த உடம்பிலேயே தொட்டுக் காட்டலாம். படங்களுக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட இலவச உடற்கூறியல்–உடலியங்கியல் பாடநூல் பெரிதும் உதவும். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், உரிம விவரத்தை அந்தப் பதிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

4. கண்டறியும் அமர்வு: முதல் 20 நிமிடம்

பாடம் எதுவும் நடத்தாதீர்கள். மூன்று கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கவனியுங்கள்.

முதல் கேள்வி: "உங்கள் கால் பெருவிரலில் இருந்து கிளம்பும் ஒரு சிவப்பணு, திரும்ப அதே விரலுக்கு வரும் வரை எங்கெல்லாம் போகும்? வரைந்துகொண்டே சொல்லுங்கள்." வலது ஏட்ரியத்திலிருந்து (இதயத்தின் மேல் அறை) நேராக இடது ஏட்ரியத்துக்குக் கோடு போட்டால் இரட்டைச் சுற்றோட்டமே (நுரையீரலுக்கு ஒரு சுற்று, உடம்புக்கு ஒரு சுற்று) மனதில் இல்லை என்று அர்த்தம். நுரையீரல் வரை சரியாகப் போய், இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் பல்மனரி தமனிக்குச் சிவப்பு தீட்டினால் "தமனி என்றால் ஆக்சிஜன் ரத்தம்" என்று தவறாகப் படித்திருக்கிறார். தமனி என்பது இதயத்தை விட்டு வெளியே போகும் குழாய், அவ்வளவுதான். இரண்டுமே தவறுதான், ஆனால் மருந்து வேறு வேறு.

இரண்டாவது: "மூச்சை இழுக்கும்போது காற்று உள்ளே போவதால் மார்பு விரிகிறதா, மார்பு விரிவதால் காற்று உள்ளே போகிறதா?" பாதிப் பேர் முதலாவதைச் சொல்வார்கள். உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்குகிறது, மார்புக்கூட்டின் கொள்ளளவு கூடுகிறது, நுரையீரலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட 1 மி.மீ. பாதரச அளவுக்குக் குறைகிறது, அதனால் காற்று நுழைகிறது. இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்கிறவருக்குப் பெயர்கள் எல்லாம் தெரிந்திருக்கும், காரணம் தெரிந்திருக்காது.

மூன்றாவது: "உல்னார் நரம்பை உங்கள் கையிலேயே தொட்டுக் காட்டுங்கள்." முழங்கையின் உட்புற எலும்பு மேட்டுக்குப் பின்னால், இடித்தால் சுரீர் என்று சுண்டுவிரல் வரை ஓடும் இடம். படத்தில் சரியாகக் காட்டிவிட்டுத் தன் கையில் தேடுகிறவர், படத்தைப் படித்திருக்கிறார்; உடம்பைப் படிக்கவில்லை.

விடைகளைப் பார்த்து உங்கள் குறிப்பேட்டில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: சொல் தவறு, இடத் தவறு, காரணத் தவறு. அடுத்த நான்கு அமர்வுகளின் திட்டம் இதிலிருந்து வரும்.

5. ஒரு மணி நேரத்தைப் பிரிப்பது

முதல் 10 நிமிடம், போன தடவை படித்ததை மாணவர் வெற்றுத் தாளில் எழுதட்டும். அடுத்த 35 நிமிடம் புதிய பகுதி. அதில் நீங்கள் பேசுவது 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. பிறகு 10 நிமிடம் தேர்வு பாணிக் கேள்விகள். கடைசி 5 நிமிடத்தில் அடுத்த அமர்வுக்குள் அவர் செய்ய வேண்டிய இரண்டு வேலையை அவரே எழுதிக்கொள்ளட்டும். ஒன்றரை மணிக்கு மேல் நீட்டாதீர்கள். மாணவர் கேட்டாலும் வேண்டாம்.

"புரிந்ததா?" என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். புரிந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "இதை உங்கள் தம்பிக்கு எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். காரணத்தை எந்த மொழியில் யோசிக்க வசதியோ அந்த மொழியில் சொல்லட்டும். முடிவில் தேர்வு மொழியில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். யோசிப்பதையும் எழுதுவதையும் ஒரே நேரத்தில் அந்நிய மொழியில் செய்யச் சொன்னால் இரண்டுமே கெடும்.

6. அனாடமி எடுக்கும் முறை

இடது–வலதைத் தீர்க்காமல் எதையும் தொடங்காதீர்கள். படத்தில் இருப்பவர் நம்மைப் பார்த்து நிற்கிறார். அவருடைய வலது நமக்கு இடது. சி.டி. குறுக்குவெட்டுப் படங்களிலும் அப்படித்தான், நோயாளியின் காலடியிலிருந்து மேல்நோக்கிப் பார்ப்பதாகக் கணக்கு. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் 'வ', 'இ' என்று எழுதிவிட்டுத்தான் வரையத் தொடங்க வேண்டும் என்று பழக்குங்கள்.

சொற்களில் அடுத்த பொறி. சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இடுப்பு எலும்பும் காதுக்கு ஒரே 'இலியம்'தான். ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் ஒரே ஒரு எழுத்து மாறும். குடலுக்கு நடுவில் 'ஈ', எலும்புக்கு 'ஐ'. விடைத்தாளில் அந்த ஓர் எழுத்து போனால் உறுப்பே மாறிவிடும். மேலியஸ் காதில் உள்ள எலும்பு, மேலியோலஸ் கணுக்கால் மேடு. பெரோனியல், பெரினியல், பெரிட்டோனியல் மூன்றும் மூன்று இடம். இப்படிப்பட்ட சொற்களைத் தனித் தாளில் சேர்த்து ஒவ்வொரு அமர்விலும் 2 நிமிடம் கேளுங்கள்.

மாணவர்கள் அதிகம் பயப்படும் பிரேக்கியல் ப்ளெக்ஸஸை எப்படி எடுப்பது என்று முழுதாகச் சொல்கிறேன். மற்றவற்றுக்கும் இதே பாணிதான்.

படத்தைக் காட்டாதீர்கள். பலகையில் மேலிருந்து கீழாக ஐந்து கோடு இழுக்கச் சொல்லி சி5, சி6, சி7, சி8, டி1 என்று எழுதச் சொல்லுங்கள். இவை தண்டுவடத்திலிருந்து வரும் நரம்பு வேர்கள் ('சி' கழுத்து, 'டி' மார்பு). மேல் இரண்டு சேர்ந்து மேல் தண்டு. சி7 தனியாக நடுத் தண்டு. கீழ் இரண்டு சேர்ந்து கீழ்த் தண்டு. ஒவ்வொரு தண்டும் முன், பின் என்று இரண்டாகப் பிரியும், மொத்தம் ஆறு. பின் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் போஸ்டீரியர் கார்டு (பின்பக்க நரம்புக் கற்றை). மேல், நடுத் தண்டுகளின் முன் பிரிவுகள் சேர்ந்தால் லேட்டரல் (வெளிப்பக்க) கார்டு. கீழ்த் தண்டின் முன் பிரிவு மட்டும் மீடியல் (உட்பக்க) கார்டு. இங்கே நிறுத்தி, "ஏன் முன், பின் என்று பிரிய வேண்டும்?" என்று கேளுங்கள். கையின் முன்பக்கத் தசைகளுக்குப் போகும் இழைகளும் பின்பக்கத் தசைகளுக்குப் போகும் இழைகளும் இங்கேதான் பிரிகின்றன. இது தெரிந்தால் மீதி தானாக வரும்: போஸ்டீரியர் கார்டிலிருந்து ஆக்சிலரி, ரேடியல், லேட்டரலிலிருந்து மஸ்குலோகியூட்டேனியஸ், மீடியலிலிருந்து உல்னார், லேட்டரலும் மீடியலும் ஆளுக்கு ஒரு வேர் கொடுத்து மீடியன். முன்பக்க மூன்று நரம்பும் சேர்ந்து ஆங்கில 'எம்' எழுத்து வடிவில் நிற்கும்.

முழுதாக வரைய முதல் தடவை 12 நிமிடம் ஆகும். அழித்துவிட்டு உடனே மறுபடி வரையச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை 6 நிமிடம். அடுத்த அமர்வின் தொடக்கத்தில் மூன்றாவது தடவை. 3 நிமிடத்துக்குள் வந்தால் அந்தப் பகுதி முடிந்தது.

வரைந்து முடித்ததும் அடிபட்ட கதையைக் கொடுங்கள். ஹ்யூமரஸ் (மேற்கை எலும்பு) நடுவில் முறிந்திருக்கிறது. மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை, ஆனால் முழங்கையை நீட்ட முடிகிறது. ஏன்? ரேடியல் நரம்பு அந்த எலும்பின் பின்புறப் பள்ளத்தில் ஒட்டிப் போகிறது. அங்கே அடிபட்டால் மணிக்கட்டைத் தூக்கும் தசைகள் செயலிழக்கும். முழங்கையை நீட்டும் ட்ரைசெப்ஸ் தசைக்கான கிளைகளில் பெரும்பாலானவை பள்ளத்துக்கு முன்பே பிரிந்துவிட்டதால் முழங்கை பெரும்பாலும் தப்பிக்கிறது. இந்த ஒரு கேள்வியில் எலும்பு, நரம்பு, தசை, செயல் நான்கும் ஒரே முடிச்சில் வந்துவிடும். தனித்தனியாக நான்கு பட்டியல் மனப்பாடம் செய்ததைவிட இது நிற்கும்.

மனப்பாட வாசகங்கள் நல்லவைதான், வரிசையை நினைவில் வைக்க. பன்னிரண்டு கபால நரம்புகளின் பெயர்களைச் சொல்ல உதவும். எது எந்தத் துளை வழியாக வெளியே வருகிறது என்று அது சொல்லாது. மாணவர் வாசகத்தை ஒப்பித்தவுடன் திருப்தி அடையாமல் இடையில் ஒன்றை எடுத்துக் கேளுங்கள்: "ஏழாவது என்ன செய்யும்?"

7. பிசியாலஜி எடுக்கும் முறை

இங்கே கருவி அம்புக்குறிதான். பத்தி எழுத விடாதீர்கள். ஒரு பெட்டி, ஓர் அம்பு, அடுத்த பெட்டி. ஒவ்வொரு அம்பின் மேலும் 'கூடும்' அல்லது 'குறையும்' என்று எழுத வேண்டும்.

படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நிற்கிறார் என்று வையுங்கள். சுமார் அரை லிட்டர் ரத்தம் கால் பக்கச் சிரைகளில் தங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், ஒரு துடிப்பில் வெளியேறும் அளவு குறையும், ரத்த அழுத்தம் குறையும். கழுத்துத் தமனியில் உள்ள பேரோரிசெப்டார்கள் (அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள்) குறைவாக நீட்டப்படும். அதனால் அவற்றின் சிக்னல் குறையும். இங்கேதான் பத்துக்கு எட்டுப் பேர் விழுவார்கள். "ஆபத்து வந்தால் சிக்னல் கூடத்தானே வேண்டும்?" என்பது அவர்கள் நினைப்பு. பேரோரிசெப்டார் அபாய மணி இல்லை, அளவுகோல். அழுத்தம் குறைந்தால் அளவும் குறைவாகக் காட்டும். குறைவைப் பார்த்த மூளைத்தண்டு இதயத்தை முடுக்கும் சிம்பதெடிக் நரம்பின் செயலைக் கூட்டுகிறது, அதை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் செயலைக் குறைக்கிறது. துடிப்பு கூடுகிறது, குழாய்கள் சுருங்குகின்றன. இந்த ஒரு கண்ணியைச் சரிசெய்தால் ரத்த அழுத்தம் பற்றிய பாதிக் கேள்விகள் விடுபடும்.

கணக்கு வரும் இடங்களை ஒதுக்காதீர்கள். மாணவர் பயப்படுவார், ஆனால் எண்தான் புரிதலைக் காட்டிக்கொடுக்கும். இதைக் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் நிமிடத்துக்கு 12 தடவை, ஒவ்வொன்றும் 500 மி.லி. மூச்சு விடுகிறார். இன்னொருவர் 24 தடவை, ஒவ்வொன்றும் 250 மி.லி. இருவருக்கும் நிமிடத்துக்கு 6,000 மி.லி.தான். யாருக்கு ஆக்சிஜன் அதிகம் போய்ச் சேரும்? "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்ல விடுங்கள். பிறகு, ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மி.லி. காற்றுக்குழாயிலேயே நின்றுவிடும், நுரையீரல் சிற்றறையை எட்டாது என்று சொல்லுங்கள். முதலாமவருக்கு 350 பெருக்கல் 12, அதாவது 4,200. இரண்டாமவருக்கு 100 பெருக்கல் 24, வெறும் 2,400. வேகமாக மேலோட்டமாக மூச்சு வாங்குவது ஏன் உதவுவதில்லை என்று இனி நீங்கள் விளக்கத் தேவையே இல்லை, அவரே சொல்வார்.

சிறுநீரகத்திலும் இதே வழி. நிமிடத்துக்கு 125 மி.லி. வடிகிறது, ஒரு நாளைக்கு 180 லிட்டர். வெளியே போவது ஒன்றரை லிட்டர். மீதி எங்கே? இந்தக் கேள்வியோடு தொடங்கினால் நெஃப்ரானின் வளைவுகளைப் படிக்க மாணவருக்கே ஒரு காரணம் கிடைக்கும். அடுத்து, உள்ளே வரும் சிறுதமனி சுருங்கினால் வடிதல் என்ன ஆகும், வெளியே போகும் சிறுதமனி ஓரளவு சுருங்கினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். முதலாவதில் குறையும், இரண்டாவதில் கூடும். தோட்டக் குழாயை உதாரணமாகச் சொல்லலாம்: குழாயில் ஓட்டைகள் இருக்கின்றன, முனையைப் பாதி அடைத்தால் ஓட்டை வழியே அதிகம் பீய்ச்சும். எந்த உவமை சொன்னாலும் அது எங்கே பொருந்தாமல் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இங்கே, வெளிக்குழாய் மிக அதிகமாகச் சுருங்கினால் ரத்த ஓட்டமே குறைந்துவிடும், உள்ளே புரதச் செறிவும் ஏறிவிடும். கூடிய வடிதல் திரும்ப இறங்கத் தொடங்கும்.

நரம்பு சிக்னலில் ஒரு பொறி நிச்சயம் இருக்கும். செல்லின் மின்னழுத்தம் −55 மில்லிவோல்டைத் தாண்டினால் சோடியம் உள்ளே, +30 வரை ஏற்றம், பொட்டாசியம் வெளியே, திரும்ப இறக்கம். "இறக்கத்துக்குக் காரணம் சோடியம்–பொட்டாசியம் பம்ப்" என்று எழுதுவார்கள். பம்ப் 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுத்து நீண்ட கால வேறுபாட்டைக் காப்பாற்றுகிறது; இந்த நொடி இறக்கத்தைச் செய்வது பொட்டாசியம் சானல். "பம்பை இப்போதே நிறுத்தினால் அடுத்த சிக்னல் போகுமா?" என்று கேளுங்கள். போகும், இன்னும் பல சிக்னல்கள் போகும். இந்த விடையைக் கேட்டு மாணவர் முகம் சுருங்கும் நொடியில்தான் பாடம் இறங்குகிறது. அவசரப்பட்டு விளக்கிவிடாதீர்கள், ஒரு நிமிடம் யோசிக்க விடுங்கள்.

ஹைப்பர்டானிக் (செல்லைவிடச் செறிவு அதிகம்), ஹைப்போடானிக் (செல்லைவிடச் செறிவு குறைவு) குழப்பத்துக்கு ஒரே வரி: அந்தச் சொல் கரைசலைப் பற்றியது, செல்லைப் பற்றியது இல்லை. கரைசல் ஹைப்போடானிக் என்றால் செல் வீங்கும்.

8. செய்முறைத் தேர்வுக்குத் தயார்ப்படுத்துவது

வீட்டில் எல்லாம் தெரியும், தேர்வு மேசையில் ஒன்றும் வரவில்லை என்று மாணவர் சொன்னால் இரண்டு காரணம். ஒன்று, அவர் ஒரே புத்தகத்தின் ஒரே படத்தைப் படித்திருக்கிறார். மாடல் வேறு கோணத்தில் திருப்பி வைத்ததும் அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொரு உறுப்பையும் குறைந்தது மூன்று விதமாகக் காட்டுங்கள்: வரைபடம், மாடல் புகைப்படம், உண்மை உறுப்பின் படம். இரண்டாவது, நேரம். ஒரு பொருளுக்கு 1 நிமிடம் என்று மணி வைத்து, 20 படத்தை வரிசையாக ஓட்டுங்கள். பெயரோடு பக்கத்தையும் எழுத வேண்டும். 'ஹ்யூமரஸ்' என்றால் அரை மதிப்பெண், 'வலது ஹ்யூமரஸ்' என்றால்தான் முழு மதிப்பெண் என்று நீங்களே விதி வைத்துத் திருத்துங்கள். எழுத்துப் பிழைக்கும் குறையுங்கள். வீட்டில் கறாராக இருந்தால்தான் அங்கே தப்பிக்கலாம்.

9. தேர்வுக்கு முந்தைய ஆறு வாரம்

முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இரண்டு அமர்வு, புதிய பகுதிகள். படித்த ஒவ்வொரு பகுதியும் மறுநாள், ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என்று மூன்று தடவை வெற்றுத் தாளில் திரும்ப வர வேண்டும். தேதியை நாட்காட்டியில் அன்றே குறித்துவிடுங்கள். ஐந்தாம் வாரம் முழு மாதிரித் தேர்வு ஒன்று, உண்மையான நேர அளவில். ஆறாம் வாரம் மாதிரித் தேர்வில் விட்டவை மட்டும். கடைசி இரண்டு நாள் புதிதாக எதையும் தொடாதீர்கள்.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது புதிய மாணவர் அழைத்தால், பாடத்திட்டத்தை முடித்துத் தருவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். மதிப்பெண் அதிகம் உள்ள இரண்டு தலைப்பை மட்டும் எடுக்க முடியும் என்று நேராகச் சொல்லுங்கள்.

10. தாண்டக் கூடாத கோடுகள்

அசைன்மென்ட் எழுதித் தராதீர்கள், ஆன்லைன் தேர்வின்போது பக்கத்தில் இருக்காதீர்கள், "வெளியே வந்த கேள்வித்தாள்" என்று யாராவது அனுப்பினால் திறக்காமல் அழியுங்கள். பிடிபட்டால் படிப்பை இழப்பது மாணவர்.

ஆசிரியரின் ஸ்லைடுகளை ஒரு மாணவரிடம் வாங்கி இன்னொருவருக்கு விற்காதீர்கள். உடல் தானம் செய்தவர்களின் உடலிலும் இந்தப் படிப்பு நடக்கிறது. டிசெக்ஷன் அறையில் (உடலைப் பிரித்துப் படிக்கும் இடம்) எடுத்த படத்தை மாணவர் காட்ட வந்தால் பார்க்க மறுத்துவிடுங்கள், ஏன் என்றும் பொறுமையாகச் சொல்லுங்கள்.

படிக்கும்போது "எனக்கும் இப்படிப் படபடக்கும், இது அதுவா?" என்று கேட்பார்கள். பாடத்தோடு நிறுத்திக்கொண்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ட்யூட்டர் நோய் கண்டுபிடிக்கக் கூடாது.

11. ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் ஐந்து நிமிடம்

தேதி, எடுத்த பகுதி, மாணவர் செய்த தவறு அவர் வார்த்தையிலேயே, தவறின் வகை, அடுத்து கேட்க வேண்டிய கேள்வி. ஐந்து வரி. "பேரோரிசெப்டார் சிக்னல் கூடும் என்றார், காரணத் தவறு" என்று எழுதி வைத்தால் மூன்று வாரம் கழித்து அதே கேள்வியை எடுத்துக் கேட்க முடியும்.

நான்கு அமர்வுக்குப் பிறகும் அதே தவறு அப்படியே நின்றால் உங்கள் முறையை மாற்றுங்கள்: வரைந்தால் உடம்பில் தொட்டுக் காட்டுங்கள், பேசினால் கணக்காகக் கொடுங்கள். ஆறாவது அமர்விலும் நகரவில்லை என்றால் அதை மாணவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, வேறு ட்யூட்டரிடம் அனுப்பிவிடுங்கள். போகும்போது அந்தக் குறிப்பேட்டின் நகலையும் கையில் கொடுத்தனுப்புங்கள்; அடுத்தவர் கண்டறியும் அமர்வை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.